கை நனைத்தவன்

அந்தப் பயணத்தில் நான் என்னென்ன தின்றேன் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். கப்பலில் தின்றது, ரயிலடியில் தின்றது, திண்டுக்கல் கடைவீதியில் தின்றது, பெரியம்மா கையால் தின்றது எல்லாம் அப்படியே நினைவில் இருக்கின்றன. போன காரியம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால்தான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் மலாயாவில் பிறந்தவன். ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தேன். அப்பா திண்டுக்கல் பக்கத்துக்காரர். கல்யாணமான இரண்டாம் வருஷம் மழை தப்பிப்போய்க் கப்பல் ஏறியவர், திரும்பிப் போகவே இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாவை அங்கேயே கட்டிக்கொண்டார். ஊரில் விட்டுவந்த மனைவியை, எனக்குப் பெரியம்மா முறையானவளை, அவர் எங்களிடம் மறைக்கவில்லை. பொங்கலையொட்டி வருஷத்துக்கு ஒரு கடிதம் இங்கிருந்து போகும், ஒன்று அங்கிருந்து வரும். அவருக்கு அங்கே பிள்ளை கிடையாது. "பையன் என்ன படிக்கிறான்" என்று என்னைப் பற்றி ஒரு வரி அந்தக் கடிதத்தில் தவறாமல் இருக்கும். கடிதம் வருகிற நாளில் அம்மா சட்டி பானைகளிடம் மட்டும்தான் பேசுவாள்.

ஒரு மார்கழியில் நாலு நாள் காய்ச்சலில் அப்பா இறந்துபோனார். பொங்கல் கழிந்து பெரியம்மாவின் கடிதம் வழக்கம்போல அவர் பெயருக்கு வந்தது. வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த அம்மா அதைப் பிரிக்காமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள். ஒரு கடிதம் எழுதிப் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"எழுதுற சேதியா இது? அவளுக்கும் அவருதான் புருஷன். நான் மட்டும் தாலிய அறுத்துட்டு உக்காந்திருக்கேன், அங்க அவ பூ வச்சுக்கிட்டுத் திரியிறா. போன உடனே சொல்லிரு" என்றாள்.

அதில் நியாயம் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போன உடனே என்று ஏன் அழுத்திச் சொன்னாள் என்பதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலி வீட்டு வரிசையில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அழுகைச் சத்தத்திலேயே எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். சாவுச் சேதியை ஒருவர் சுமந்துபோய் இன்னொருவரிடம் சொல்வதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

லீவும் டிக்கெட்டும் கூடிவர ஆவணி பிறந்துவிட்டது. மொட்டையடித்த என் தலையில் முடி நன்றாக வளர்ந்துவிட்டது. பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போகும் டிக்கெட். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், துக்கம் சொல்லப் போகிறவனைப் போல நான் போகவில்லை. என் மனமெல்லாம் சாப்பாட்டில் இருந்தது. தோட்டத்து ரேஷன் அரிசியைப் பிசையும்போதெல்லாம் அப்பா அவர் ஊர்ச் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லி எங்களை வதைத்திருக்கிறார். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சிறுமலைப் பழம், திண்டுக்கல் சாயபு கடைச் சீரகச் சம்பாச் சோறு எல்லாவற்றையும் நான் காதால் தின்று வளர்ந்தவன். இப்போது வாயால் தின்னப் போகிறேன் என்ற சந்தோஷம் கப்பலில் ஏறியதிலிருந்தே இருந்தது. அப்பாவை நினைத்து அழுததும் உண்டு. அழுது முடித்ததும் பசிக்கும்.

கையில் காசு மிகக் கம்மி. எதைத் தின்றாலும் நின்றபடி, இலையில் மடித்துக் கொடுக்கிற அளவில்தான் தின்ன முடியும். கப்பலில் கொடுத்த பருப்பில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்துப் பாயில் இருந்த செட்டிநாட்டுப் பக்கத்துக் கிழவர் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயில் ஏழு நாள் ஓடியது. நாகப்பட்டினத்தில் வடையும் டீயும். திருச்சி ஜங்ஷனில் வாழைச் சருகில் கட்டிய புளிச்சோறு ஒரு பொட்டலம். பாதியை அங்கேயே தின்றுவிட்டு மீதியை ரயிலில் தின்றேன். விடியும்போது திண்டுக்கல்லில் இறங்கிக் கடைவீதிப் பக்கம் நடந்தால், ஒரு சின்னக் கடையில் பாய் ஒருவர் அண்டாவில் அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த வாசனையிலேயே கால் நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு மேல் வரச் சொன்னார். எனக்கு ஆத்தூர்ப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு டீயோடு பஸ் ஏறினேன்.

பாதையில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். இருபுறமும் மல்லிகைத் தோட்டம், கத்தரித் தோட்டம், நடுநடுவே தென்னை. வெயில் ஏறிவிட்டது. பெரியம்மா வீட்டைக் கேட்டுப் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து பூவைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. நல்ல உயரம், மஞ்சள் பூசிய முகம், காலணா அகலத்துக்குக் குங்குமம், கொண்டையில் ஒரு பந்து மல்லிகை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அப்பா முகம். நான் யார் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. வெயிலில் வந்திருக்கிறாய், கை காலைக் கழுவு, எதுவாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். வட்டிலில் கம்பஞ்சோறு. நடுவில் குழி பண்ணி அதில் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். வெஞ்சனமாகத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும் மொச்சையும். முதல் உருண்டை உள்ளே போனதும் அப்பா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்று தெரிந்தது. இரண்டாவது உருண்டையை வாயில் போட்டிருந்தேன். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"ஒங்க அப்பா நல்லாருக்காரா, அப்பு?"

வாய் நிறையச் சோறு இருந்தது. தலையை ஆட்டினேன்.

எத்தனையோ வருஷம் அதைப் பற்றி யோசித்திருக்கிறேன். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்று அர்த்தமில்லை, பொறுங்கள் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம் என்று எனக்கு நானே வாதாடியும் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. ஆமாம் என்றுதான் ஆட்டினேன். பசியில் ஆட்டினேன்.

அரை மணி நேரத்தில் தெருவெல்லாம் கூடிவிட்டது. மலாயாவில் இருப்பவர் மகனை அனுப்பியிருக்கிறார், அவர் சுகமாக இருக்கிறாராம் என்று பெரியம்மா வந்தவர்களுக்கெல்லாம் அவளே சொன்னாள். அவள் தம்பி, எனக்கு மாமா முறை, அடுத்த வீடுதான். தோட்டத்திலிருந்து ஓடிவந்து, மாப்ளே என்று கட்டிக்கொண்டார். சாயங்காலம் வெடக்கோழி ஒன்று அடித்தார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்ட அந்தக் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். எழுதக் கூசுகிறது.

அன்று பொழுது சாயும்போது மாமாவின் மனைவி வெற்றிலைத் தட்டோடு வந்தாள். பன்னிரண்டு நாளில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். முறைப்படி பார்த்தால் எனக்கும் அவள் முறைப்பெண்தான். அதை நல்லவேளையாக யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு நல்ல நாளில் மஞ்சள் இடிப்பார்கள். உரலில் முதல் உலக்கை போடுகிறவள் கட்டுக்கழுத்தியாக, தாலியும் புருஷனும் உள்ளவளாக, இருக்க வேண்டும். பெண்ணின் அத்தைக்குத்தான் அந்த உரிமை. ஆனால் இந்தப் பொங்கலுக்கு மலாயாக் கடிதம் வராததால் ஊரில் ஒரு மாதிரியாகப் பேச்சு இருந்ததாம். பேசாமல் தன் அக்காளை வைத்தே இடித்துவிடலாம் என்று மாமாவின் மனைவி நினைத்திருந்தாளாம். இதையெல்லாம் அவளே சொல்லி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள்தான் முதல் உலக்கை போட வேண்டும் என்று தட்டை நீட்டினாள். பெரியம்மா தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். முப்பது வருஷமாகப் புருஷன் இருந்தும் இல்லாதவள் என்று அந்த ஊரில் அவளைப் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு அந்த உலக்கை எவ்வளவு பெரிது என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் சோளத் தோசை. அதற்கு அடுத்த நாள் குதிரைவாலிச் சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும். ஒவ்வொரு வேளையும் சொல்ல வாயெடுப்பேன், அவள் அகப்பையை எடுப்பாள். திரும்பும் ரயிலை விசாரித்து வருகிறேன் என்று மூன்றாம் நாள் திண்டுக்கல்லுக்குத் தப்பித்து ஓடினேன். கால் தானாகப் பாய் கடைக்குப் போயிற்று. பிரியாணிக்குக் காசு போதாது. கறி இல்லாத வெறும் குஸ்காவுக்குப் போதும். பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். பினாங்கில் தனக்கும் ஒரு மச்சான் இருப்பதாகச் சொன்னார். என்ன விஷயமாக வந்திருக்கிறேன் என்று அவர் கேட்டதும், முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் அப்பா இறந்துவிட்டார் என்று அந்த மண்ணில் நான் முதலில் வாய்விட்டுச் சொன்னது குஸ்காத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான்.

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "அவுக வீட்டுல கை நனைச்சிட்டீங்களா, தம்பி?" என்றார்.

மூன்று நாளாக நனைக்கிறேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கேதம் சொல்ல வருகிறவன் வாசலிலேயே நின்று சேதியைச் சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிட வேண்டுமாம். சின்ன வயதிலிருந்து அக்கம்பக்கத்து ஊர்களில் தோல் வாங்கப் போய்வந்ததில் தனக்கே இது தெரியும், உங்கள் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும் என்றார். முஸ்லிம்களான அவர்களில் இந்தத் தொல்லை இல்லையாம். புருஷன் மௌத்தான, அதாவது இறந்த, நாளிலிருந்தே மனைவி துக்கம் காக்கும் இத்தா நாட்களைக் கணக்கெடுப்பார்களாம். சேதி தாமதமாக வந்தாலும் எட்டு மாதத்தில் அது முடிந்தே போயிருக்குமாம். "ஒங்கள்ல அப்படியில்ல. நீங்க சொல்ற நிமிசத்துல இருந்துதான் அவுகளுக்கு ஆரம்பம்" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை முழுசாக முடக்கிப்போட்டது. இப்போது சொன்னால் அந்தம்மா கையிலிருந்து உலக்கை போய்விடும். கல்யாணம் முடிந்தபின் சொன்னால், எப்போது இறந்தார் என்று கேட்பார்கள். மார்கழியில் என்று சொன்ன மறு நிமிஷம், தாலியறுத்தவள் இடித்த மஞ்சளில் பெண்ணுக்குத் தாலி ஏறியதாக ஆகும். நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தால்கூட அது பெரியம்மாவின் தலையில்தான் விடியும். அதனால் ஒன்று இன்றைக்கே சொல்லுங்கள், இல்லாவிட்டால் எப்போதும் சொல்லாதீர்கள் என்றார். பேசிக்கொண்டே ஒரு துண்டு கறியைத் தேடி எடுத்து என் குஸ்காவின் மேல் வைத்தார். அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் மீன் மணம். ஆத்தூர் அணையில் பிடித்த மீன் என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா பலகையைப் போட்டாள். பெரியம்மா, அப்பா என்று தொடங்கினேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்பாவுக்கு மீன் என்றால் உயிர், முள்ளைக்கூட மிச்சம் வைக்க மாட்டார், அங்கே நல்ல மீன் கிடைக்கிறதா என்று ஆரம்பித்தவள், அவர்கள் சேர்ந்து வாழ்ந்த இரண்டு வருஷத்தையும் அந்தச் சட்டி காலியாவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அத்தனை சந்தோஷமாக ஒருவர் என் அப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என் அம்மாகூடப் பேசியதில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. நான் ஒரு கோழை. வயிறு நிறைந்த கோழை.

மறுநாள் வேறு வழி தெரியாமல் மாமாவிடம் சொன்னேன். கிணற்றடியில் நீர் இறைக்கிற கமலை மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தனியாக நின்றார். சொன்னதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் மச்சான் என்று துண்டால் வாயை அடைத்துக்கொண்டு அழுதார். சற்று நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாருக்குச் சொன்னாய் என்று கேட்டார். இந்த ஊரில் யாருக்கும் இல்லை என்றேன்.

"சம்பந்தகாரவுக காதுக்குப் போனா கல்யாணமே தள்ளிப்போயிரும். நீ எங்கிட்டச் சொன்னதோட இருக்கட்டும், மாப்ள. கல்யாணம் முடியட்டும், அக்காகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார்.

சுமையை இறக்கி வைத்தாயிற்று. ஊருக்குப் போனதும் அம்மாவிடம், சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். அது முழுப் பொய்யாகவும் இருக்காது. பின்னால் அப்படித்தான் சொல்லவும் செய்தேன். அன்றைக்கு மத்தியானம் தின்ற சோற்றில்தான் எனக்கு நிஜமாகவே ருசி தெரிந்தது. யாரோ கொண்டுவந்த சிறுமலை வாழைப்பழத்தில் ஒரு சீப்பை மாமா கொடுத்தனுப்பினார். தோல் சுருங்கி, பார்க்க ஒன்றுமில்லாத பழம். உரித்துத் தின்றால் அப்படி ஒரு இனிப்பு. நாலு பழம் தின்றேன். மஞ்சள் இடிப்பதைப் பற்றி நான் மாமாவிடம் பேசவில்லை. சுமை இறங்கிய சந்தோஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நான் வந்த ஏழாம் நாள் காலையில் மாமா வீட்டு முற்றத்தில் மஞ்சள் இடித்தார்கள். உரலைக் கழுவிச் சுண்ணாம்பும் காவியும் பூசியிருந்தார்கள். உலக்கையில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. பெரியம்மா புதுச் சின்னாளபட்டிச் சேலை கட்டியிருந்தாள். விடியும் முன்பே பறித்துத் தொடுத்த தன் தோட்டத்து மல்லிகையை ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள், வருகிற பெண்களுக்கெல்லாம் கொடுக்க. எனக்கு ஒரு தட்டில் பணியாரம் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தார்கள். நல்ல நேரம் வந்ததும் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உலக்கைக்குக் கையை நீட்டினாள்.

பெண்கள் காரியத்தில் தலையே கொடுக்காத மாமா அப்போது நிலைப்படியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். முதலில் உன் அக்கா போடட்டும் என்றார். அவர் மனைவிக்கே ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு அதையே மறுபடியும் சொன்னார். மனைவியின் அக்கா தயங்கித் தயங்கி வந்து உலக்கையை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வேறு நாலு பேர் மாறி மாறி இடித்தார்கள். ஐந்து பேர் ஆனதும், நேரம் முடியப்போகிறது, இது போதும் என்று மாமா சொல்லிவிட்டார். பெரியம்மா நீட்டிய கையை மடக்கிக் கூடைக்குள் விட்டு, வந்தவர்களுக்குப் பூவைக் கொடுக்க ஆரம்பித்தாள். இடித்த ஐந்து பேருக்கும் அவளே கிள்ளிக் கொடுத்தாள். நடுவில் ஒரு தடவை தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையில் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த முற்றத்தில் எழுந்து நின்று கத்தியிருக்கலாம். குற்றம் என்னுடையது, இவள் மேல் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது என்னவாக முடியும் என்று எனக்குத் தெரியும். சொல்லாததால் என்ன ஆயிற்று என்பது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அவள்தான் அடிபட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று நிஜமாகவே முடிவெடுத்திருந்தேன். அந்த ஏழு நாளில் அப்படி உறுதியாக நான் நின்றது அந்த ஒரு நேரம்தான். அவள் வட்டிலில் சோற்றைப் போட்டு, பயற்றங்குழம்பை ஊற்றி, எனக்கு முன்னால் தள்ளினாள். பெரியம்மா, நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.

"செத்த நேரம் சும்மா இரு, அப்பு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கேதம் சொல்ல வந்தவன் வாசல்ல நின்னு சொல்லிட்டுத் தண்ணிகூடக் குடிக்காமப் போயிருவான். நீ ஏழு நாளா என் வீட்டுல கை நனைச்சிருக்க. அப்ப நீ எதுக்கு வந்த?"



"பெரியம்மாளப் பாக்க வந்த" என்று அவளே பதிலையும் சொன்னாள். "அம்புட்டுதான். வேற ஒண்ணும் எங்கிட்ட யாரும் சொல்லல. சொல்லவும் வேணாம். சாப்டு."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நான் செய்த தப்பையே எடுத்து அவள் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அகப்பை போட்டாள். அதையும் தின்றேன். அந்த வீட்டில் எனக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான்.

மறுநாள் வெளுக்கிற நேரத்தில் பூப்பறிக்கப் போனவளுக்குக் கூடை எடுத்துக்கொண்டு நானும் போனேன். மல்லிகைச் செடிகளுக்கு நடுவில் அவள் தரையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, உடம்பு குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதாள். புருஷன் செத்ததற்கு அவள் வாய்விட்டு ஒரு ஒப்பாரி வைக்க முடியாது. மாரில் அடித்துக்கொள்ள முடியாது. சுற்றி உட்கார்ந்து அழ நாலு பெண்கள் வரமாட்டார்கள். அழுதால் பூ போய்விடும். பூ வேண்டுமென்றால் அழக் கூடாது. கிட்டப் போய்த் தொடலாமா என்று நினைத்தேன். நான் தொட்டால் அது சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, வந்த வழியே திரும்பிவிட்டேன். பொழுது நன்றாக ஏறியபின் கூடை நிறையப் பூவோடு வந்தாள். கொண்டையில் புதுப்பூ. குளித்து மஞ்சள் பூசிய முகம். பசித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே கேழ்வரகுத் தோசைக்குக் கல்லைப் போட்டாள்.

கப்பல் தேதிக்கு நான் ஒன்பதாம் நாள் கிளம்ப வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போகலாமே என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள், மாமாவைத் தவிர. வழிக்கென்று பெரியம்மா கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். எள்ளுப்பொடி வைத்த சோறு ஒரு மூட்டை, வறுத்த மொச்சை ஒரு மூட்டை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். ஒன்றும் சொல்லாமல் போய்விடத்தான் நினைத்தேன். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். போயிட்டு வாரேன் பெரியம்மா என்று நான் சொல்லும்வரை நகரவில்லை.

சொன்னதும் ஒதுங்கி வழிவிட்டாள். நான் நாலு எட்டு வைத்திருப்பேன். தெருவில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். மாமா அவர் வீட்டு வாசலில் பந்தக்கால்களை எண்ணிக்கொண்டு நின்றார். பெரியம்மா அவ்வளவு உரக்கப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஒங்க அப்பாவ நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லு, அப்பு. ஒடம்பப் பாத்துக்கிறச் சொல்லு."

மாமா கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்துவிட்டார். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் என் பதிலுக்காக என்னைப் பார்த்தார்கள். சொல்கிறேன் பெரியம்மா என்று நானும் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்.